பக்கத்து சீட்டுக்கு வந்த பாயிண்ட்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் யாராவது ஊர் சுற்றக் கிளம்பினால், லீவு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். எந்த கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்தால் பாயிண்ட் கூடும், எந்த ஏர்போர்ட் லவுஞ்சில் சாப்பாடு தேறும், மூணாறில் எந்த மாதம் போனால் அட்டை கடிக்காது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. நம் சம்பளத்துக்கு விமானம் ஒரு கேடா என்று கேட்ட என் வீட்டுக்காரரை, சேர்த்துவைத்த பாயிண்டிலேயே அந்தமானுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. பேய், பிசாசு, கண்ணேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. பொடி எழுத்தில் போட்டிருக்கும் விதிமுறைகளில் நம்பிக்கை உண்டு. அதை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஆள், இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி எனக்கு ரொம்ப நெருக்கம். வயதில் என்னைவிடச் சின்னவள். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள். அவள் கொண்டுவரும் மீன் குழம்புக்காக நான் வெறும் சோறு மட்டும் கொண்டுபோன நாட்கள் உண்டு. அவளுடைய வீட்டுக்காரர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். மீன் கிடைக்கும் திசையிலேயே போய், பக்கத்தில் எந்தத் துறைமுகமோ அங்கே இறக்கிவிட்டு மறுபடியும் கடலுக்குள் போவார்கள். பெரும்பாலும் மும்பைப் பக்கம். பிள்ளைகள் இல்லை. அவர் ஊரில் இருக்கும் நாட்கள்தான் அவளுக்குத் திருவிழா.

சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் அவரும் அவளோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"எக்கா, நாங்க மீன் இறக்குத துறைமுகத்த இவளுக்கு ஒருக்க காட்டணும். பிளேன்லதான் கூட்டிட்டுப் போவணும். நீங்கதான் வழி சொல்லணும்" என்றார்.

இருவரையும் விமானக் கம்பெனியின் பாயிண்ட் திட்டத்தில் அன்றைக்கே சேர்த்துவிட்டேன். அவருக்கு மின்னஞ்சல் ஏதும் இல்லாததால் நானே ஒன்று உண்டாக்கி என் போனில் வைத்துக்கொண்டேன். வரவழைத்த டீயை அவர் குடித்துவிட்டு அடியில் ஒரு வாய் விட்டுவைத்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "படகுல பழக்கம்கா. கடலுக்கும் ஒரு வாய் வேணும்லா" என்று சிரித்தார்.

அடுத்த தடவை போனவர் மும்பைத் துறைமுகத்திலிருந்து அவளுக்கு போன் போட்டார். மறுபடியும் கடலுக்குப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு புயல் காற்று வந்தது. படகும் கிடைக்கவில்லை, அதில் இருந்தவர்களும் கிடைக்கவில்லை.

அவள் தாலியைக் கழற்றவில்லை. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்னால் யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஜனங்கள் சொல்லிவைப்பார்கள். சாமியார் பீடத்தில் நின்று வாசிப்பார். இவள், கடலுக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்பி வர என்று அவர் பெயரைக் கொடுப்பாள். அவருடைய அண்ணன், இறந்தவரின் ஆன்மா இளைப்பாற என்று அதே பெயரைக் கொடுப்பார். ஊர்த் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தபோது நானே அதைக் காதால் கேட்டேன். ஒரே பூசையில் ஒரே பெயர் உயிரோடிருப்பவர்களிலும் வந்தது, கொஞ்சம் கழித்துச் செத்தவர்களிலும் வந்தது. யாரும் தலையைத் திருப்பக்கூட இல்லை. நாங்கள் புராட்டஸ்டன்ட், செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால்தான் அப்படி இருந்ததோ என்னவோ, எனக்குக் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

போன வருடம் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். கல்லறைத் திருநாளுக்குள் தம்பி பெயரில் ஒரு கல் நட்டுவிட வேண்டும். அவர்களுடைய அம்மாவுக்கு முடியாமல் இருந்தது. அழுவதற்கு ஒரு இடம் காட்டிவிட்டுப் போகச் சொல்லி அந்த அம்மா கேட்டாளாம். பெண்டாட்டி சம்மதிக்காமல் கல் நட முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். கல் நட்டால் அவர் செத்தவர் என்று இவளே சொன்னதாகிவிடும்.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எக்கா, மும்பைக்கு ரெண்டு டிக்கெட்டு எடுக்கணும்."

"கூட ஆருட்டி?"

"அவரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இல்லாத ஆளுக்கு எதுக்குட்டி சீட்டு?"

அவள் நிதானமாகத்தான் பேசினாள். "டிக்கெட்டு எடுத்தா கார்டுக்காரன் பாயிண்ட் தருவான், ஆளு ஏறினாலும் ஏறாட்டாலும். பிளேன்காரன் தாற பாயிண்ட் ஆளு ஏறி உக்காந்தாத்தான் வரும். நீங்கதான சொன்னிய?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்பம் அவரு கணக்குல அது வந்தா அவரு இருக்காருன்னு அர்த்தம். வரல்லன்னா, கல்லு நட்டுக்கிடட்டும். நான் தடுக்கமாட்டேன்."

எத்தனையோ பேருக்கு வாய் வலிக்கச் சொன்ன விதிமுறை அது. இப்படி ஒருத்தி அதைக் கொண்டுபோய் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் வைப்பாள் என்று யார் கண்டார்? வேண்டாம் என்று சொல்லப்போய், கடைசியில் நானே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் போக வர டிக்கெட் போட்டேன். பாயிண்ட் வராது, கல்லை நட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பழக்கதோஷமாக யோசனையும் சொன்னேன்: போகும்போது இடதுபக்கம் உட்கார், கடைசிவரை கடல் தெரியும்.

"ஜன்னலோரம் உனக்குத்தானே?"

"அவருக்கு. மேலருந்து பாக்கட்டும், எங்க கெடந்தோம்னு."

போகிற அன்று காலையில் இரண்டு பேருக்கும் போர்டிங் பாஸ் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கார்டில் லவுஞ்ச் இலவசம், சாப்பிட்டுவிட்டு ஏறு என்று சொல்லியிருந்தேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது. மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு டீ. எதிர் நாற்காலியை ஆள் உட்காருகிற மாதிரி இழுத்துப் போட்டிருந்தாள். பாவம் என்று நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து டீ குடிக்கப்பட்டிருந்தது. அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

அவளே குடித்திருப்பாள், அவருக்காக அப்படி விட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் டீ குடிக்கவில்லை.

திரும்பி வந்தவள் பயணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மும்பை எப்படி இருந்தது, துறைமுகத்தைப் பார்த்தாயா என்றெல்லாம் கேட்டேன். பார்த்தேன் என்றாள். பாயிண்ட் வந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து நல்ல வெயிலில், அலுவலகம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் போனில் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் பெயரைச் சொல்லி, எங்களுடன் பயணம் செய்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குப் பறந்ததற்கான பாயிண்ட் கணக்கில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. பக்கத்து மேஜைக்காரி என்னக்கா என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போவதற்கே அவளைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

அப்புறம் புத்தியைக் கூட்டிக்கொண்டு யோசித்தேன். இவள் இரண்டு பாஸையும் சேர்த்து நீட்டியிருப்பாள். வாசலில் நின்ற பெண் இரண்டையும் மெஷினில் காட்டியிருப்பாள். அவ்வளவுதான். அப்படியானால் திரும்பி வந்ததற்கும் பாயிண்ட் வர வேண்டுமே? அவளுடைய கணக்கில் இரண்டும் வந்திருந்தது. அவருடையதில் போனது மட்டும்தான். விமானக் கம்பெனிக்கு போன் செய்தேன்.

அந்தப் பெண் டிக்கெட் நம்பரைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போகும்போது பயணி ஏறியிருக்கிறார் மேடம். திரும்பும்போது ஏறவில்லை. அதனால் அதற்குப் பாயிண்ட் கிடையாது."

"ஏறினாரா? நன்றாகப் பாருங்கள்."

"ஏறியிருக்கிறார் மேடம். ஏதாவது புகார் பதிய வேண்டுமென்றால் அவரே பேச வேண்டும். இப்போது பக்கத்தில் இருக்கிறாரா?"

என்னை அறியாமல் திரும்பி என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் ஆயுசுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்; அந்தக் கிழவியும் அழ இடமில்லாமல் போய்ச் சேருவாள். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒன்றும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"வந்திட்டுல்லா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "போனதுக்கு மட்டும் வந்திருக்கு மக்கா" என்றேன்.

சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"திரும்பும்போதும் ரெண்டையும் சேத்துத்தான் நீட்டினேன்கா. அந்தப் பிள்ள ஒண்ண எடுத்திட்டு ஒண்ணத் திருப்பித் தந்திட்டு. அப்பமே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

"என்னது?"

"அவரு அங்கயே நின்னுட்டாருன்னு. துறைமுகத்துல நிக்கும்போ பக்கத்துல இருந்தாருக்கா. மீன் வாசம் எல்லாத்துக்கும் நடுவுல அவரு சட்ட வாசம் தனியா வந்திச்சி. காட்டணும்னு சொன்னாருல்லா, காட்டிட்டாரு. பெறவு படகெல்லாம் கெளம்பிச்சி. வாசம் போயிட்டு. தனியாத்தான் ஏர்போர்ட்டுக்கு வந்தேன்."

அதுவரை, அந்தக் காற்று நாட்களில்கூட, அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். நானும் அழுதேன். அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டு, கல் நட்டுக்கொள்ளச் சொன்னாள்.

கல்லறைத் திருநாளுக்கு நானும் போயிருந்தேன். புதிய கல்லின் முன்னால் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மெழுகுவர்த்தி கடல் காற்றில் அணைய அணைய இவள் மறுபடியும் மறுபடியும் கொளுத்தினாள். அன்றைய பூசையில் அவர் பெயர் ஒரு தடவைதான் வந்தது. நான் இன்னொரு தடவை வரும் என்று கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். டார்ஜிலிங் போக எந்தக் கார்டு நல்லது என்று போன வாரம் கேட்டாள். ஒரே ஒரு டிக்கெட்தான். எனக்குத்தான் சரியாகவில்லை. நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பாயிண்ட் காலாவதியாகிவிடும் என்று அவருடைய மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வந்தது. அந்த விதிமுறையும் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் கடையில் அவர் கணக்கில் எதையாவது சின்னதாக வாங்கினால் பாயிண்ட் உயிரோடு இருக்கும். யாருக்கும் தெரியாமல் வாங்கிவிட்டேன். இனியும் வாங்குவேன். ஒருவேளை அவர் திரும்பி வரக் கிளம்பினால், டிக்கெட்டுக்கு அது வேண்டுமே.