சாக்ஸபோன் தாள்

பேண்டு மாஸ்டர் அந்தத் தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தது மறக்கவில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரும் பஸ்ஸில், ஜன்னலோரம், பிற்பகல். தொண்ணூறுகளின் கடைசி. அந்த வருஷம் மழையே இல்லை; காரியாபட்டி தாண்டினால் இருபக்கமும் கருவேலம்தான். அதை விடுங்கள், தாளைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவருக்குப் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. பள்ளிக்கூடம் போகவில்லை, பகலில் தறி, கல்யாணம் வந்தால் சாக்ஸபோன். ஆனால் ஐந்து கோட்டில் புள்ளி வைத்த இசைத்தாளை மட்டும் வாசிப்பேன். ஒரே கோட்டில் புள்ளி வைத்தாலும் கிளாரினெட்டில் ஒரு சுரம் வரும், சாக்ஸபோனில் வேறொன்று வரும். எல்லாம் ஒன்றாய்ச் சேர வேண்டுமானால், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்கி எழுத வேண்டும். மாஸ்டர் பல வருஷமாக அதைக் கையால் எழுதியவர். இப்போது கை எழுதியதைக் கண் பார்க்க முடியவில்லை.

அருப்புக்கோட்டை டவுனில் ஒரு நூல்மில்காரர் தம் மில்லுக்கென்று நிரந்தரமாக ஒரு பேண்டு செட்டு வைத்துக்கொள்வதாக இருந்தார்; அன்று சாயங்காலம் ஒரு புது மெட்டை வாசித்துக் காட்ட வேண்டும். அது அமைந்தால் மாஸ்டர் மாஸ்டராகவே இருப்பார். இல்லாவிட்டால் அவரை ஒதுக்கிவிட எங்கள் செட்டின் ட்ரம்பெட்காரர் தயாராக இருந்தார். "அவுக தாளத் தடவிப் பாத்து வாசிப்பாகளாக்கும்" என்று எங்கள் முன்னாலேயே சொல்வார்.

அதனால்தான் அன்று காலை நானும் மாஸ்டரும் மதுரைக்குப் போய், இசைத்தாள் அச்சடித்துத் தரும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தோம். மாஸ்டர் பழைய பழக்கத்தில், கிளாரினெட்டுக்கு இது, சாக்ஸபோனுக்கு இது என்று ஏற்றி இறக்கியே சொன்னார். கடைக்காரர் தட்டினார். கரண்டு போய்ப் போய் வந்து, தாள்கள் கைக்கு வரவே மதியமாகிவிட்டது.

பஸ்ஸில் என் தாளைப் பார்த்தேன். அவர் சொன்னபோது முதல் புள்ளி இரண்டாம் கோட்டில். தாளில் அது உச்சிக்கு ஏறியிருந்தது.

"எழுத்து எப்புடிலே இருக்கு?"

"அச்சுல வார்த்த மாதிரி இருக்கு மாஸ்டர்."

"இனிமே கண்ணு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. வாய் இருக்குல்ல!"

அப்படி அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. கம்ப்யூட்டர் போட்டதைத் தப்பு என்று சொல்ல, கைநாட்டுக்காரன் நான் யார்?

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மில்லுக்குப் போனோம். அங்கே காத்திருந்த செட்டுக்காரர்களுக்குத் தாள்களைக் கொடுத்து வாசிக்க ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே கிளாரினெட் ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம். ட்ரம்முதான் ஒழுங்காக இருந்தது. மில்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னய்யா, ஆளுக்கொரு எழவு வீட்டுல வாசிக்கிறீகளா?"

ட்ரம்பெட்காரர் மெதுவாகச் சொன்னார்: "கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

மாஸ்டர் அதைக் கேட்டார். அன்றோடு செட்டு ட்ரம்பெட்காரர் கைக்குப் போனது.

அடுத்த வாரம் நான் மட்டும் மதுரைக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் கேட்டேன். "பாட்டு காதுல விழுகுற மாதிரியே சொன்னாப் போதும்ணே. வாத்தியத்துக்குத் தக்கன அதுவே மாத்திக்கிரும்" என்றார். மாஸ்டர் மாற்றிச் சொன்னதை அது இன்னொரு தடவை மாற்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே திருச்சுழிக்கு, மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"மிஷினு ஏன்லே தப்பாப் போடப்போகுது? நாந்தான் ஒளறியிருப்பேன். புத்தியும் போயிருச்சு."

"நீங்க சரியாத்தான் சொன்னீக. நான் பக்கத்துல இருந்து கேட்டேன் மாஸ்டர். தாளு வேற மாதிரி இருந்ததையும் பாத்தேன்."

"பாத்தியா?" என் பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் எனக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பார்த்தார். "பஸ்ஸுல நல்லாருக்குன்ன. இப்பத் தப்புங்கிற. மனசு தேத்த வந்தியாக்கும். போலே, போய்ச் சாப்புடு."

அதற்குப் பின் மூன்று வருஷம் இருந்தார். யாராவது ஒரு மெட்டைக் கேட்டால், தம் காதையே நம்பாமல், "வேற ஆளக் கேளுங்க, எனக்கு மாறிப்போகும்" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படியேதான் சொல்வார்.