நடுவில் இல்லாத துளை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் வெட்டுகிறவரை அங்கே எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து உட்கார வைப்பது அவர் வேலை. வாடிக்கையாளர்களின் முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொருவரின் கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பது மட்டும் தெரியும். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அவரோ பவர் தப்பு என்று டாக்டரைத் திட்டுவார்.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள்தான். மதியம் கை கழுவியதும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பழைய சாமான் கடைக்குப் போய்விடுவார். வீடு மாறுகிறவர்கள், வீட்டை ஒழிக்கிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பொருள்களை விற்று, வரும் காசை ஒரு மருத்துவமனைக்குக் கொடுக்கும் கடை அது. ஏழு வருடத்துக்கு முன் மேசை விளக்கு தேடிப் போனவர், அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு இசைத்தட்டை வாங்கி வந்தார். வீட்டில் அதைச் சுழலவிட ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவர் கணவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தட்டு வந்துடுச்சு. சாப்பாடு எங்க?” என்றார்.

ஆனால் அடுத்த மாதமே எங்கிருந்தோ பெட்டி மாதிரி மூடும் ஒரு ரெக்கார்டு பிளேயரைப் பிடித்து, மோட்டாரை மாற்றி, ஓட வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

முதல் வருடம் லென்ஸ் அக்கா வாங்கியதெல்லாம் குப்பை. அடிபட்டு அடிபட்டுத்தான் தேறினார். தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் எந்தக் கீறல் மேலோட்டமானது, எது ஆழமானது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். லென்ஸ் பார்த்துப் பழகிய கண். அதே பெட்டிகளைக் கிளற வரும் இன்னொருவர், இசைத்தட்டு வாங்கி விற்கும் தாடிக்காரர். அவர் ஒவ்வொன்றுக்கும் போனில் விலை தேடுவார். தேடி முடிப்பதற்குள் அக்கா நல்லதைக் கையில் எடுத்திருப்பார். ஒருமுறை அக்கா மூலையிலிருந்து எடுத்த ஒரு பள்ளி வாத்தியக் குழுவின் தட்டைத் தாடிக்காரரே நல்ல விலை கொடுத்து வாங்கினார். அந்தக் காசில் வீட்டுக்குப் புது மெத்தை வந்தது. அன்றிலிருந்து கணவர் கேலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, சமையல் புத்தகங்களுக்கு அடியில் ஒரு வெள்ளை உறை கிடைத்தது. படமில்லை, பெயரில்லை. தட்டின் ஒரு பக்கத்தில்தான் பாட்டுப் பதிந்த வரிகள் இருந்தன. மறுபக்கம் வழுவழுவென்று கிடந்தது. வெளியிடுவதற்கு முன் பாடியவருக்குக் கேட்டுப் பார்க்க அனுப்பும் சோதனைத் தட்டு என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உறைக்குள் தட்டச்சு செய்த ஒரு சீட்டு இருந்தது. ‘கேட்டுப் பார்த்து ஒப்புதல் தெரிவிக்கவும்.’ அதன் கீழே பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை: ‘வேண்டாம்.’

வீட்டுக்கு வந்து ஓட விட்டார். இரண்டு பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு இளம்பெண் தனியாகப் பாடியிருந்தாள். காதருகே குனிந்து சொல்வது போன்ற குரல். ஆனால் சுருதி ஒரு நிலையில் நிற்கவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

“நல்லாத்தான் பாடுது பொண்ணு. ஆனா கப்பல்ல நின்னுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கே” என்றார் கணவர்.

 அக்கா பிளேயரின் முள் பொருத்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அந்தக் கை வலதுக்கும் இடதுக்கும் அசைந்தது. குரல் ஏறி இறங்குவதும் அதே கணக்கில்தான்.

“என்னங்க, இது பாடினவ தப்பு இல்ல” என்றார். “துளை நடுவுல இல்ல. ஒரு மயிரிழை தள்ளிப் போட்டிருக்காங்க.”

செய்தி எப்படியோ காதுக்குப் போய், தாடிக்காரர் திங்கட்கிழமையே கண்ணாடிக் கடை வாசலில் வந்து நின்றார். மாலையில் கூடவே வீட்டுக்குப் போய்த் தட்டைப் பார்த்ததும் அவர் சொன்ன விலை லென்ஸ் அக்காவின் மூன்று மாதச் சம்பளம்.

“உலகத்துல வேற ஒண்ணு இருக்குமான்னே சந்தேகம். ஆனா ஒண்ணு, அக்கா, துளையில மட்டும் கை வெச்சுடாதீங்க. தொட்டா பாதி விலைகூடத் தேறாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா அவரை அனுப்பிவிட்டார். அந்த ‘வேண்டாம்’ அவரை விடவில்லை. பழைய சாமான் கடை மேலாளரிடம் போய் விசாரித்தார்.

“அந்தப் பெட்டியா? நீச்சல் குளத்துல டிக்கெட் கொடுத்துட்டு இருந்தாங்களே, ரிடையர் ஆயிட்டாங்க, அந்தம்மா குடுத்தது. சின்ன வீட்டுக்கு மாறிட்டாங்களாம்” என்று சொல்லி, போனில் அந்த அம்மாவின் சம்மதம் கேட்டு விலாசத்தையும் கொடுத்தார் மேலாளர்.

அடுத்த சனிக்கிழமை லென்ஸ் அக்கா பிளேயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். கதவைத் திறந்த டிக்கெட் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. வெள்ளை உறையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“இத நான்தானே தூக்கிப் போட்டேன். திருப்பிக் கொண்டுவந்து குடுக்குறீங்க? நல்லா இருக்கே கதை!”

“குடுக்க வரலம்மா. கேக்க வந்தேன். ஏன் வேண்டாம்னு எழுதினீங்க?”

டிக்கெட் அம்மா கொஞ்ச நேரம் வாசலை மறித்தபடியே நின்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து மனசு இளகி, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

“அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. பார்சல் பிரிச்சதும் வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்தோம். குரல் ஆடு ஆடுன்னு ஆடுது. அண்ணன் சிரிச்சான் பாருங்க, ‘ஊஞ்சல்ல உக்காந்து பாடினியா’ன்னு. செத்தே போயிட்டேன். அந்தச் சீட்டை அனுப்பக்கூட வெக்கம். போன்லயே வேண்டாம், விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் குளியலறையிலகூடப் பாடினதில்ல.”

“ஒருதடவை ஓட விடட்டுமா?”

“வேணாம்மா!”

“நீங்க கேக்க வேணாம். காதைப் பொத்திக்குங்க. கண்ணால மட்டும் பாருங்க.”

அக்கா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு முள்ளை இறக்கினார். டிக்கெட் அம்மா இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். முள்ளின் கை ஆடியது. வலது, இடது. வலது, இடது. கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து கைகள் தாமாகவே இறங்கின.

“இது ஏன் இப்படி ஆடுது?”

அக்கா சொன்னார். துளை தள்ளி விழுந்ததையும், அதனால் வரிகள் முள்ளுக்குக் கிட்டே வந்து வந்து விலகுவதையும், குரல் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதையும். துளையைச் சரிசெய்யப் போவதையும், தாடிக்காரர் சொன்ன விலையையும், துளையைத் தொட்டால் அதில் பாதிகூடத் தேறாது என்பதையும் மறைக்கவில்லை.

“அவ்வளவு பணமா? அப்ப எதுக்கும்மா அதுல கை வைக்கிறீங்க? வித்துட்டுப் போங்க.”

“தப்பான மையத்தைத் தெரிஞ்சே வெச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா. அது என் வியாதி” என்றார் அக்கா.

கைப்பையிலிருந்து மெல்லிய உருண்டை அரத்தை எடுத்தார். லென்ஸில் திருகாணித் துளையைப் பெரிதாக்கும் அரம். நாலைந்து இழுப்பில் துளை அகலமானது. தட்டை மறுபடி வைத்து, ஓட விட்டு, நிறுத்தி, விரல் நுனியால் கொஞ்சம் தள்ளி, மறுபடி ஓட விட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ தடவையில் முள்ளின் கை அசையாமல் நின்றது. அப்போதுதான் சத்தத்தைக் கூட்டினார்.

குரல் நேராக வந்தது. கோடு போட்ட மாதிரி.

இரண்டு பாட்டும் முடிந்து முள் தட்டின் கடைசி வரியில் உரசிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து அதை நிறுத்தப் போனபோது டிக்கெட் அம்மா விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு கோபம் வந்தது.

“நாப்பத்தாறு வருஷம்! நாப்பத்தாறு வருஷமா இந்தத் தொண்டையைத் திட்டிக்கிட்டு இருந்தேனே! முதல்ல அந்த அண்ணனுக்குப் போனைப் போடுறேன்.”

நிஜமாகவே போட்டார். அண்ணனை அந்தப் பக்கம் வாயைத் திறக்க விடாமல் இரண்டு பாட்டையும் கேட்க வைத்தார்.

லென்ஸ் அக்கா தட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு மாசச் சம்பளத்துல ஓட்டை போட்டுட்டு வந்திருக்க!”

“ஓட்டை ஏற்கெனவே இருந்துச்சுங்க. நான் பெருசுதான் பண்ணேன்.”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “எனக்கும் அந்தப் பாட்டைக் கேக்கணுமே” என்றார். மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

தாடிக்காரர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் டிக்கெட் அம்மா வீட்டில் உட்கார்ந்து கேட்ட பிறகு அவர் விலை பேசவில்லை. தனக்குத் தெரிந்த சின்னக் கம்பெனி ஒன்றில் முந்நூறு பிரதி போடலாமா என்று கேட்டார். பாட்டைப் பதிவு செய்த பழைய கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. அனுமதிக்கு அலைந்ததில் ஏழெட்டு மாதம் போயிற்று. முந்நூறும் ஒரே மாதத்தில் விற்றன. டிக்கெட் அம்மா தனக்கு வந்ததில் பாதியை ஒரு உறையில் போட்டு லென்ஸ் அக்காவின் பையில் திணித்தார். அக்கா திருப்பித் திணித்தார். கடைசியில் இருவரும் சேர்ந்து அதை மருத்துவமனைக் கடையின் உண்டியலில் போட்டார்கள்.

போன வாரம் காலையில், வேலை தொடங்கும் முன் அக்காவின் போன் அடித்தது. டிக்கெட் அம்மாதான்.

“அன்னைக்கு ஸ்டூடியோவுக்கு நான் மூணு பாட்டு எடுத்துட்டுப் போனேன். நேரமாச்சுன்னு மூணாவதை எடுக்கல. ஒரு வாரமா பாடிப் பாத்துக்கிட்டு இருக்கேன், குரல் கொஞ்சம் தடிச்சிருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு. அந்தத் தாடித் தம்பிகிட்ட நல்ல மைக்கு ஏதாவது இருக்குமா, கேட்டுச் சொல்றீங்களா?”