ஒரே பேனாவில் போட்ட டிக்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளிகள் திறந்த சமயம். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் சபையின் வாலிபர் வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். வார நாட்களில் பம்பு கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. அதனால் பிள்ளைகளுக்கும் வாரத்துக்கு ஓர் அட்டை அடித்துக் கொடுத்தேன். வேத வாசிப்பு, ஜெபம், மனப்பாட வசனம் என்று தினமும் மூன்று கட்டம். மூன்று மாதம் முழுதாக நிரப்பியவர்களின் பெயரைப் போதகர் ஆராதனையில் வாசிப்பார்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. அதுதான் என்னை உறுத்தியது. வாரத்தின் இருபத்தொரு டிக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. அளக்காமலே அளவுகளை மொத்தமாக எழுதி வைத்த தாள் எங்கள் கம்பெனியில் இப்படித்தான் இருக்கும். ஜெப நேரத்தில் அவள் கண்ணை மூடுகிறாளா என்று, நான் என் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தி, புதன்கிழமை என்ன வாசித்தாய் என்று கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகப் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

"எல்லாருமே அப்படித்தானுங்க்கா. அவங்கெல்லாம் பேனாவ மாத்தி மாத்திப் போடறாங்க. எனக்கு அந்தப் புத்தி வரலீங்க."

அப்படியானால் ஜெபிப்பதே இல்லையா என்றேன். என் குரல் விசாரணை மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கிவிட்டது. அப்பா வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது என்றாள். வெளியூரில் வேலை என்றுதான் அவள் அம்மா சபையில் சொல்லியிருந்தார்.

"ஏசப்பாகிட்ட தெனமும் சண்டைதானுங்க்கா போடறேன். அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடோணும்?"

யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இப்போது சந்தேகப்படுவது அவள் முறை. போனில் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அந்தப் புதன்கிழமை நானே வேதத்தைத் திறந்தது வகுப்புக்குக் கேள்வி தயாரிக்கத்தான் என்பதையும் சொன்னேன். "செரிங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு அட்டைகளைக் கொடுக்கவில்லை. ஜெப நேரத்தில், "ஆண்டவரே, எனக்கு உங்க மேல கோவமா இருக்குதுங்க" என்று அவள் குரல் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொரு பிள்ளை மெதுவாக, "எனக்கும்" என்றது.

கடவுளிடம் வாய்விட்டு உண்மை பேசுமுன், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் எங்களை நம்பலாமா என்றுதான் பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள் என்பது, ஒவ்வொரு ஞாயிறும் அந்த வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு நினைவு வருகிறது.