சிறுநீரகம் கேட்டு அரியலூரிலிருந்து சென்னைக்கு

என் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தி மூன்று வருடமாகிறது. வாரம் இரண்டு நாள் கீழப்பழுவூர் வழியாகத் திருச்சி போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவேன். வீட்டில் யாருடையதும் பொருந்தாததால், இறந்தவரிடமிருந்து கிடைத்தால் வைத்துக்கொள்கிறேன் என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் பெயர் பதிந்திருந்தேன். 2006 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. "ஆறு மணிக்குள்ள வந்துடுங்க. இனிமே எதுவும் சாப்பிடாதீங்க." நல்லவேளை, காலை இட்லியோடு நிறுத்தியிருந்தேன். இனி இப்படிக் கிளம்பப்போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. பஸ்ஸை நம்பிப் போகிற காரியமும் இல்லை. தெருமுனையில் வாடகை இண்டிகா கார் வைத்திருக்கும் செல்வராசு கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். சென்னை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். போகவர மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேச்சு. என் மனைவி சாந்தி, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டாள். ஆடியில் ஆபரேஷனா என்று இழுத்த மச்சானிடம், "கிட்னிக்கு ஆடியும் ஆவணியும் தெரியாது மாப்ள" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். எனக்குத் துளியும் சந்தேகமில்லை. திரும்பி வரும்போது சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். தண்ணீரை அளந்து குடிக்கவேண்டிய டயாலிசிஸ்காரனுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

பெரம்பலூர் வரை முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் வழிவிட்டால்தானே! அதற்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பைபாஸில் ஏறியதும் செல்வராசு கேட்டார்.

"யாரு சார் குடுக்குறாங்க? சொந்தக்காரவங்களா?"

"யாருன்னே தெரியாதுங்க. சொல்லவும் மாட்டாங்க. எறந்துபோனவரு."

"செத்தவங்களோடது எப்படி சார் வேல செய்யும்?"

தலையில் பலமாக அடிபட்டு மூளை முழுவதும் நின்றுவிட்டால் திரும்பி வர வழியில்லை. ஆனால் செயற்கை சுவாச மெஷின் மூச்சுக் கொடுக்கும்வரை இதயம் கொஞ்ச காலம் துடிக்கும். டாக்டர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதன்பிறகு வீட்டார் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்ப வண்டி ஓடுது, டிரைவர் இல்ல. அப்படித்தானே சார்?"

"டிரைவர் திரும்பி வரவும் மாட்டாருங்க. மெஷின நிறுத்துனா வண்டியும் நின்னுடும்."

வாலிகண்டபுரம் தாண்டும்போது எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. பறைச் சத்தம், ரோடெல்லாம் பூ. செல்வராசு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல சகுனம் சார்! எதிர்ல பொணம் வந்தா போற காரியம் ஜெயந்தான்." எனக்கும் ஒரு நிமிடம் குஷியாகத்தான் இருந்தது. பாடைக்குப் பின்னால் ஒரு ஆள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நடந்து வந்தான்.

"என்னங்க, நமக்குக் குடுக்குறவங்க வூட்லயும் இந்நேரம் இப்படித்தான் அழுதுகிட்டு இருப்பாங்க" என்றாள் சாந்தி.

அதுவரை என் நல்ல காலத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படி அழுதுகொண்டிருந்தவர்களிடம் யாரோ போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா?

ஐந்தே முக்காலுக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள் என்று. ஒருவருக்குப் பொருந்தாவிட்டால் அது வீணாகக் கூடாதல்லவா? இன்னொருவர் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்திருந்த பெண், வயது இருபத்தைந்து இருக்கும். எங்கள் ரத்தத்தை இறந்தவரின் அணுக்களோடு கலந்து பார்த்தார்கள். நாலைந்து மணி நேரம் ஆனது. என் ரத்தம் சண்டை போட்டது, அவளுடையது போடவில்லை. சிறுநீரகம் அவளுக்குத்தான் என்று முடிவானது. எனக்கு முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியதால் இருக்கலாம் என்றார் டாக்டர்.

சாந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம், பொறாமை, எல்லாமே வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா என் எதிரே வந்து கைகூப்பினார். "நல்லபடியா முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னேன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் விடியற்காலை கிளம்பி, பெரம்பலூரில் அரியலூர் பக்கம் திரும்பாமல் பாடாலூர் வழியாக நேரே திருச்சிக்குப் போனோம். டயாலிசிஸ் தள்ளிப்போயிருந்தது, கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் படுக்கையில் ஜெயங்கொண்டம் கலியமூர்த்தி படுத்திருந்தார். முந்திரிக் காடு வைத்திருப்பவர். பெயர் பதிவதெல்லாம் ஏமாற்று வேலை, பெரிய மனிதர்களுக்குத்தான் கிடைக்கும் என்று பதியாமலே இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். ஏன் வெறுங்கையோடு திரும்பினாய் என்று அவர் கேட்கவில்லை.

"நெசமாவே போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நம்ம ஊருக்கா?"

"நம்ம ஊருக்குத்தான் அண்ணே."

படுக்கையில் என் பக்கம் திரும்பி, "பேரு குடுக்க என்ன செய்யணும்?" என்றார். அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். சிறுநீரக மாற்று செய்யும் மருத்துவமனைக்குப் போய்ப் பெயர் பதியுங்கள். ரத்த வகை, பழைய பரிசோதனைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். போன் வந்ததும் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். கடைசி டயாலிசிஸ் எப்போது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு திரும்ப நேரலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை கூப்பிட்டாலும் போங்கள்.

"எல்லாஞ் சரி. எங்க வூட்ல போன் இல்லியே" என்றார் கலியமூர்த்தி.

அவர் பெயருக்கு நேரே என் நம்பரையே கொடுத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. இப்போது போன் அடித்தால் அது எனக்கா அவருக்கா என்று எடுக்கும்வரை தெரியாது. யாருக்காக இருந்தாலும் செல்வராசு கால் மணி நேரத்தில் வந்துவிடுவார்.