இங்கிலீஷில் துட்டி கேட்டது

ஊதுபத்திப் புகையும் பட்டறைத் தோலின் நெடியும் கலந்த வாடை எங்கேனும் மூக்கில் ஏறினால், 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்' என்ற சொற்கள் தாமாக என் வாயில் வந்து நிற்கின்றன. கூடவே எரிச்சலும் வருகிறது. தாராவியில் எங்கள் பெரியப்பா இறந்த அன்று ஒட்டிக்கொண்ட எரிச்சல் அது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சாவு வீட்டுக்குப் போவதைத் 'துட்டி கேட்பது' என்பார்கள். கேட்பது என்று பெயரே தவிர யாரும் எதையும் கேட்பதில்லை. ஆண்கள் வீட்டுக்காரரின் கையைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போவார்கள். வார்த்தையே தேவைப்படாத இந்த ஏற்பாட்டில் அப்பாவுக்கு என்ன குறை தெரிந்ததோ! பெரியப்பா வேலை பார்த்த தோல் பை கம்பெனியின் மேனேஜர் வருகிறார் என்றதும், "இங்கிலீஷ்ல நாலு வார்த்த சொல்லலன்னா நம்மள என்ன நெனப்பாரு?" என்று என்னைத் தேடினார். அந்தச் சந்திலேயே இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். படித்தது ஐந்தாம் வகுப்பு.

நானோ அழுவதற்கு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு வடாபாவ் வாங்கித் தந்து, அதோடு வரும் பொரித்த மிளகாயை மட்டும் கண்ணீர் வழியத் தான் தின்றுவிடும் மனிதர் வாய் கட்டப்பட்டுக் கிடந்தார். அழத் தொடங்கிய நேரத்தில் அம்மா என் முகத்தைத் துடைத்துப் பவுடர் அப்பி, "ஏட்டி, இப்பம் அழுது தொலைக்காத, வார்த்த கொழறிப்போவும்" என்றாள். பள்ளியில் மனப்பாடம் செய்த இரங்கல் வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை யார் யாரிடம் சொல்வது என்று எனக்கும் தெரியாது, என்னைத் தள்ளிவிட்ட அப்பாவுக்கும் தெரியாது.

மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியதும் அவர் முன்னால் போய் நின்று, "ப்ளீஸ் அக்செப்ட் அவர் ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ், சார்" என்றேன். செத்தது எங்கள் வீட்டு ஆள், ஆறுதல் அவருக்கு! மனிதர் திகைத்துப்போய் "தேங்க்யூ பேட்டா" என்றார். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டு, "பிள்ள என்னமா பேசுதா பாரு!" என்று எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, குழந்தையை அழவிடுங்கள் என்று இந்தியில் அப்பாவிடம் சொன்னார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "நஹி சாப், ரோயேகி நஹி. இங்கிலீஷ் மீடியம் ஹை" என்றார். இங்கிலீஷ் மீடியப் பிள்ளை அழாதாம்!

அதன்பிறகு பேன்ட் சட்டை போட்டு யார் வந்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்லவைத்தார்கள். பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் நான் வாசலில்தான் நின்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது தாராவியை விட்டு வந்து முலுண்டில் ஃபிளாட்டில் இருக்கிறோம். போன மாதம் அப்பா போய்விட்டார். குடும்பக் குரூப் முழுக்க அதே 'கண்டோலன்சஸ்', பக்கத்தில் கைகூப்பும் படம். போனிலேயே துட்டி கேட்டு முடித்துவிட்டார்கள். கட்டிப்பிடித்து அழத் தெரிந்த தாராவிப் பெண்கள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப்பேர் எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கிறார்களோ தெரியாது. பக்கத்து ஃபிளாட்காரர்கள் லிஃப்டில் வந்து, ஆளுக்கு ஒரு 'ஸாரி' சொல்லிவிட்டு அதே லிஃப்டில் இறங்கினார்கள்.

அவர்களுக்கெல்லாம் கதவருகே நின்று அழகான இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் என் மகள். தாத்தாவின் செல்லம் அவள். பேசப் பேச அவள் கீழுதடு துடிப்பதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை எனக்கு. "போதும், ஏட்டி, வா இங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"மம்மி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அழுதோம்.