சாமிக்குப் பேட்டரி விளக்கு

எங்கள் தொழிற்சாலையில் சாமிக்குப் பேட்டரி விளக்குத்தான். பட்டனை அழுத்தினால் மஞ்சள் பல்பு சுடர் மாதிரி ஆடி ஆடி எரியும். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இன்னும் கை எழுவதில்லை.

நஞ்சன்கூட்டில் இருக்கும் அந்தக் கொட்டகையில் செம்புக் கழிவை ஆசிட்டில் கரைக்கிறோம். நீலத் தண்ணீர் வரும். மருந்து சேர்த்த மண்ணெண்ணெயை அதில் விட்டுக் கலக்கினால், செம்பு தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் போய்விடும். கலக்குவதை நிறுத்தினால் எண்ணெய் மேலே, ஆசிட் கீழே. பிறகு அந்த எண்ணெயைக் காட்டமான வேறு ஆசிட்டில் கழுவிச் செம்பை இறக்குவார்கள். எண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் நடுவில் எதிலும் சேராத கொழகொழப்பு ஒன்று நிற்கும். அதை அள்ளி எடுப்பதுதான் எனக்கும் என் மனைவியின் தம்பி குமாருக்கும் கொடுத்த வேலை. மாலைக்குள் சட்டை எண்ணெயில் ஊறிவிடும்.

போன ஆயுத பூஜையன்று குமார் அந்தச் சட்டையோடே பூசணிக்காயைத் தூக்கிக் கற்பூரம் ஏற்றப் போனான். ஊரில் லாரியானாலும் மோட்டாரானாலும் அப்படிச் சுற்றி உடைத்துத்தான் பழக்கம். சூப்பர்வைசர் சிவண்ணா ஓடி வந்தார்.

"ஒளகடெ பேடப்பா! ஹொரகடெ மாடி!"

உள்ளே வேண்டாம், வெளியே செய்யுங்கள் என்கிறார்.

"சிவண்ணாவுக்குச் சாமிகிட்ட பயமில்ல, பூசணிக்காய்கிட்டதான் பயம்" என்றான் குமார். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னபடியே வெளியே போனோம். மண்ணெண்ணெய்த் தொட்டி தூரத்தில் இருந்தது. சட்டையை யாரும் நினைக்கவில்லை, சிவண்ணாவும்கூட. இரண்டாம் சுற்றில் எரிகிற கற்பூரம் சரிந்து குமாரின் கையில் விழுந்தது. அவன் சட்டையே திரியாகிவிட்டது.

உயிர் பிழைத்தான். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மைசூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோய் விட்டு வந்தேன். இப்போது அடிக்கடி போன் செய்கிறான்.

"மாமா, இங்க எல்லாரும் என் கையத்தான் பாக்கறாங்க. அங்கயே வந்துடறேன். கேட்டத் தொறந்து மூடற வேலைன்னாலும் சரி. கேட்டுப் பாருங்க மாமா."

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, இன்றுதான் சிவண்ணாவிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெலச இதெ கணப்பா. கை பேகல்லா?"

வேலை இருக்கிறது, கை வேண்டாமா என்கிறார். குரலில் கோபமோ கேலியோ இல்லை. ஊரில் கை இருந்தும் வேலை இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் இங்கே வந்தோம்.

சாயங்காலம் மைசூர் மண்டி மொஹல்லா சந்துக்குள் வீடு வந்து சேர்ந்தேன். எண்ணெய்ச் சட்டையைப் படிக்கு வெளியிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். கழற்றிக் கையில் பிடித்திருந்தேன். உள்ளே மனைவி நிஜ விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"கேட்டீங்களா?"

நான் வாய் திறக்குமுன் சட்டைப் பையில் போன் அடித்தது. குமார்தான். போனை எடுக்கவும் முடியவில்லை, சட்டையோடு விளக்கு இருக்கும் இடத்துக்குப் போகவும் முடியவில்லை. படிக்கு வெளியே அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.