அரை மணித்தியாலச் சிரிப்பு

யுத்த காலத்தில் கொழும்பில் நான் வாய்விட்டுச் சிரித்தது வாரத்தில் அரை மணித்தியாலம்தான். புதன்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எல்லாம் குட்டி நாடகங்கள். அதே நாலைந்து பேர் ஒன்றில் வைத்தியராகவும் அடுத்ததில் திருடனாகவும் அதற்கடுத்ததில் மாமியாராகவும் வருவார்கள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். எனக்கு அது தேவைப்படவில்லை. நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இருந்தது. அதை வைத்துக் காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாடகங்களைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுவில் நடிகர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். உதட்டைக் கடிப்பார்கள், முதுகைக் காட்டித் திரும்புவார்கள், தோள் குலுங்கும். அதற்காகவே காத்திருப்பேன். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்த வாரமென்றால் மனைவி வந்து சத்தத்தைக் குறைப்பாள். "ஒழுங்கைக்குக் கேக்கும். தமிழ் வீட்டில சிரிக்கினம் எண்டு நினைப்பினம்" என்பாள். சிரிப்பது பெட்டிக்குள் இருக்கும் அமெரிக்கர்கள் என்று வெள்ளவத்தையின் அந்தக் குறுகிய ஒழுங்கையில் குடியிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்படியொரு புதன்கிழமை காலை மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். கணித ஆசிரியர். வலது கண்ணின் விழித்திரை கழன்றுகொண்டிருந்தது. அன்று மதியமே வைத்தியரிடம் காட்டினோம். வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் என்று நாள் குறித்த வைத்தியர், அதற்கு மேல் தள்ளினால் கண் போய்விடும் என்று தெளிவாகச் சொன்னார்.

மிச்சமிருந்தது பொலிஸ் பதிவு. வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் அவரை நேரில் கூட்டிப்போய், பெயரைப் பதிந்து, கையெழுத்து வைத்த துண்டை வாங்கி வரவேண்டும். மாலை ஏழு மணி வரை பதிவார்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மனைவி கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டுக்குப் புறப்படும்போது, "இஞ்சாருங்கோ, வேளைக்குப் போயிட்டு வந்திடுங்கோ. உந்தப் பெட்டிக்கு முன்னால இருந்தியளெண்டால் எழும்ப மாட்டியள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் ஆறுதலாகத் தேநீர் குடித்துக் குளித்து வெளியே வர ஆறரை ஆகிவிட்டது. தம்பி சேட்டு மாற்றி, அடையாள அட்டையைப் பொக்கற்றில் வைத்தபடி நின்றார்.

"அத்தான், போவமே?"

"இரும் தம்பி. ஒரேயொரு நாடகம் பாத்திட்டுப் போவம். ஊரில இப்பிடி ஒண்டும் கண்டிருக்க மாட்டீர். அங்க கரண்டே இல்லையே."

"கரண்ட் இல்லாட்டிலும் எங்கட பள்ளிக்கூடத்தில நடக்கிற கூத்தே போதும், அத்தான்" என்றபடி உட்கார்ந்தார்.

ஒரு தையற்காரர் மிகப் பருத்த ஒருவருக்கு அளவெடுக்கிறார். நாடா இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தம்பி நல்ல கண்ணைப் பெட்டிப் பக்கம் திருப்பியபடி கேட்டார்.

"ஏன் உவர் அங்கால திரும்பினவர்?"

"அவருக்கே சிரிப்பு வந்திட்டுது."

"அப்ப பிழை விட்டிட்டார். அதை வெட்டி எடுக்க மாட்டினமே?"

"அதுதான் விசேஷம், தம்பி."

ஏழுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது எழும்பியிருந்தாலும் நேரம் போதும். "அத்தான், நேரம்..." என்றார். "நாளைக்குக் காலமை கந்தோருக்குப் போக முதல் போவம். அதுக்குள்ள என்ன வரப்போகுது?" என்றேன். தமக்கையின் புருசனிடம் ஒன்றை இரண்டாம் முறை சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். நான் சிரித்தபோதெல்லாம் தானும் சிரித்து முழுவதும் பார்த்தார்.

எட்டு மணிக்கு மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "பதிஞ்சாச்சே?"

"போனனாங்கள். கையெழுத்து வைக்கிறவர் இல்லையாம். நாளைக்கு வரச் சொன்னவை."

யோசிக்காமலே வந்த பொய். மனைவி தம்பியைப் பார்த்தாள். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஓம் அக்கா" என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். பக்கத்து வீட்டிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் தங்கியிருந்தார். இருவரையும் ஒரே வாகனத்தில்தான் ஏற்றினார்கள். அவரிடம் துண்டு இருந்தது, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் தம்பி வரவில்லை.

நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடப் புறப்பட்டபோது மனைவி பின்னாலேயே வந்து, "நேற்று வந்தனாங்கள், உங்கட ஆள்தான் இல்லை எண்டு சொல்லுங்கோ. வடிவாச் சிங்களத்தில சொல்லுங்கோ" என்றாள். அங்கே மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நேற்று ஏழு மணி வரை நான் இங்கேதான் இருந்தேன். ஏன் கூட்டி வரவில்லை?" மாலை முழுவதும் அந்த இடத்திலேயே இருந்த மனிதரிடம் நான் எதைச் சொல்வது? எனக்குச் சுகமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து, "சொன்னனான், நம்பமாட்டினமாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. வைத்தியரின் கடிதத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். என் நல்ல ஆங்கிலத்தில். பதினோராம் நாள் தம்பியை விட்டார்கள். அடிக்கவில்லை என்றார். வைத்தியர் கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். பிந்திவிட்டது என்றார்.

தம்பி ஊருக்குத் திரும்பி ஓய்வு பெறும் வரை ஒரு கண்ணோடு படிப்பித்தார். மனைவி அந்த அதிகாரியைச் சபிக்கத் தொடங்கினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் கதை அங்கேதான் போய் முடியும்: "ஒரு கையெழுத்து. அதுக்கு அந்த மனுசன் கதிரையில இருந்திருந்தால் என்ர தம்பியின்ர கண் தப்பியிருக்கும்." கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நானும் தலையாட்டுவேன். அந்த நிகழ்ச்சியை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அதை ஒரு தண்டனை போலச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் மனைவி படுக்கையில் விழுந்தாள். கடைசிக் கிழமையில் ஒருநாள், "அந்தக் கையெழுத்து வைக்கிறவர் இப்ப எங்க இருக்கிறாரோ. அவருக்கும் அண்டைக்கு வீட்டில என்ன கரைச்சலோ. எனக்கு இனி அவரில கோவமில்லை" என்றாள். நான் பக்கத்திலிருந்து அவளுக்குக் கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கரண்டியை மறுபடி நிரப்பினேன்.

மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் தம்பியிடம் கேட்டேன், ஏன் ஒருநாளும் அக்காவிடம் சொல்லவில்லை என்று.

"சொல்லி?" என்றார். "உண்மையச் சொன்னால் அண்டைக்கு எனக்கு அந்த நாடகம் ஒண்டும் விளங்கேல்லை, அத்தான். கண்ணும் வடிவாத் தெரியேல்லை. நீங்கள் சிரிச்சதப் பாத்துத்தான் சிரிச்சனான். நீங்கள் அப்பிடிச் சிரிச்சு அதுக்கு முதல் நான் காணேல்லை. எழுப்ப மனம் வரேல்லை."

இதை எழுதி எல்லோருக்கும் தெரிவிக்கப் போகிறேன் என்றேன். "எழுதுறதெண்டால் எழுதுங்கோ" என்றார். நான் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்ப்பதற்கு அவர் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. எழும்பிக் கதிரையைத் தூக்கிப்போய் இடப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.